ஸ்கின் லூபஸ் எவ்வளவு தீவிரம்னு எப்படி அளக்குறாங்க? கிளாசி ஸ்கோர் பத்தி முதல்ல இருந்து

ஸ்கின் லூபஸ்னு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்குற நோய்னு, டாக்டர் சொன்ன உடனே எல்லாரும் கேக்குற கேள்வி "இது எவ்வளவு சீரியஸ்?" தான். அடுத்த தடவை போறப்போ "மருந்து கேக்குதா இல்லையா?"னு கேப்பாங்க. ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஆனா சுகர் மாதிரி விரல்ல ஒரு குத்து குத்தி பதில் எடுக்க முடியாது. ரத்தத்துல ஏஎன்ஏனு, உடம்பு தன்னோட செல்லையே எதிர்க்குற ஆன்டிபாடி இருக்கானு பாக்குற டெஸ்ட் எடுப்பாங்க, அது நோயைக் கண்டுபிடிக்க உதவும், ஆனா ஏஎன்ஏ அளவு ஏறினதையோ இறங்கினதையோ வச்சு முகத்துல இருக்குற படை போன மாசத்தை விட குறைஞ்சிருக்கானு சொல்ல முடியாது. தோலைப் பாத்துதான் அளக்கணும். அப்படி பாத்து அளக்கறதுக்குனு ஒரு முறை இருக்கு, அதுக்குப் பேரு கிளாசி (CLASI). இந்தக் கட்டுரை அதைப் பத்திதான்.

மொதல்ல ஒரு விஷயம், ஸ்கின் லூபஸ்ங்கறது ஒரே மாதிரி வர்ற நோய் கிடையாது. அக்யூட்னு சொல்ற வகையில மூக்குக்கு ரெண்டு பக்கமும் கன்னத்துல பட்டாம்பூச்சி மாதிரி செவப்பு வரும், மூக்கு ஓரத்துல இருந்து வாய்க்கு இறங்குற மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுட்டு வரும், போறப்போ தழும்பு விடாது. சப் அக்யூட் வகை வெயில் படுற இடமா பாத்து கழுத்து, முதுகு மேல்பக்கம், கைனு வளையம் வளையமாவோ செதில் செதிலாவோ வரும், அதுவும் பொதுவா தழும்பு விடாது, நிறம்தான் மாறும். டிஸ்காய்டுனு ஒண்ணு இருக்கு, நாள்பட்ட வகை, அதுதான் ரொம்ப சங்கடப்படுத்துறது. காது மடல் குழிக்குள்ள, தலையில, கன்னத்துலனு தடிச்ச படையா வரும், செதில் நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை உரிச்சு திருப்பிப் பாத்தா அடியில சின்னச் சின்ன முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதெல்லாம் முடிக்கால் துளைக்குள்ள அடைச்சுக்கிட்டு இருந்த பகுதி. இந்த வகை ஆறினாலும் தோல் மெலிஞ்சு, குழிஞ்சு, நடுவுல வெளுத்து ஓரத்துல கருத்துப் போய் நிக்கும், தலையில வந்துச்சுனா அந்த இடத்துல முடி திரும்ப முளைக்காது.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, எப்படி அளக்கறதுங்கற கேள்வி இங்கதான் ஆரம்பிக்குது. ஒருத்தர் முகத்துல நாம பாக்குறதுல ஒரு பகுதி இப்ப நடந்துக்கிட்டு இருக்குற நோய், இன்னொரு பகுதி ஏற்கெனவே நடந்து முடிஞ்சதோட மிச்சம். அடுப்பை அணைச்ச பிறகும் பானை அடியில கரி இருக்கும்ல, அந்த மாதிரி. கரியைப் பாத்துட்டு அடுப்பு இன்னும் எரியுதுனு சொன்னா தப்பாயிடும். மருந்தால முக்கியமா மாத்த முடியுறது இப்ப நடக்குற நோயைத்தான். அதனால ரெண்டையும் ஒரே நம்பர்ல போட்டுக் கலக்குனா அந்த நம்பர் எதுக்கும் உதவாது.

2005-க்கு முன்னாடி வரைக்கும் தோலுக்குனு தனியா சரியான அளவுகோல் இல்ல. உடம்பு முழுக்க வர்ற லூபஸுக்கு ஸ்லீடாய்னு ஒரு ஸ்கோர் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதுல மொத்தம் 24 விஷயம் பாப்பாங்க, உச்சபட்சம் 105. வலிப்பு வந்தா 8, மூட்டு வீங்கினா 4, தோல்ல படை இருந்தா 2. அந்த 2-தான் பிரச்சினையே. மூக்கு மேல ஒரு சின்ன படை இருந்தாலும் 2, முகம் கழுத்து முதுகு கைனு எல்லா இடத்துலயும் இருந்தாலும் அதே 2. மருந்து போட்டு முக்கால்வாசி குறைஞ்சுட்டாலும் கால்வாசி இருக்குற வரைக்கும் 2-தான், முழுசா போனாதான் 0. உயிருக்கு ஆபத்தான விஷயத்துக்கு அதிகம் மார்க் குடுக்கணும்ங்கறது சரிதான், அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, ஆனா தோல் மட்டும் பாதிக்கப்பட்ட ஒருத்தருக்கு இது சுத்தமா பொருந்தாது. ஒரு புது மருந்து தோலுக்கு வேலை செய்யுதானு ஆராய்ச்சி பண்ணணும்னா இந்த ஸ்கோரை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

சொரியாசிஸ்காரங்களுக்கு 1978-லயே பாசினு (PASI) ஒரு ஸ்கோர் வந்துடுச்சு, அதை வச்சு அவங்களுக்கு வரிசையா மருந்து சோதனை எல்லாம் நடந்துச்சு. அதை அப்படியே லூபஸுக்கு எடுத்துக்கலாமேனு தோணும். முடியாது, ஏன்னா பாசி உடம்புல எத்தனை சதவீதம் பரப்பு பாதிச்சிருக்குங்கற கணக்கை வச்சு ஓடுது, அதுல தலையும் கழுத்தும் சேர்ந்து மொத்தத்துல பத்துல ஒரு பங்குதான். ஸ்கின் லூபஸ் அதிகமா வர்றது முகம், காது, தலை, கழுத்துலதான். பரப்பளவுல கம்மி, ஆனா வெளிய போனா எல்லாரும் பாக்குற இடம் அதுதான்.

அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில விக்டோரியா வெர்த்ங்கற தோல் டாக்டரும் அவங்க கூட இருந்தவங்களும் சேர்ந்து 2005-ல வெளியிட்டதுதான் இந்த கிளாசி. ஒரே பக்கத்துல அடங்குற ஒரு ஃபார்ம் தான். உடம்பை 13 இடமா பிரிச்சிருப்பாங்க: தலை, காது, மூக்கும் கன்ன மேடும், மிச்ச முகம், கழுத்து முன்பக்கம் சட்டை காலர் திறந்திருக்குற அந்த வி வடிவ இடம், கழுத்து பின்பக்கமும் தோளும், நெஞ்சு, வயிறு, முதுகும் பிட்டமும், கை, உள்ளங்கையோட சேர்த்து மணிக்கட்டுக்குக் கீழ, கால், பாதம். பாருங்க, தலைக்கும் முகத்துக்கும் மட்டும் 4 இடம், கழுத்தையும் சேத்தா 6. காதுக்கு ஒரு வரி, முதுகு முழுசுக்கும் ஒரு வரி. பரப்பளவு கணக்குல பாத்தா அநியாயமா தெரியும், ஆனா இந்த நோயை வச்சுக்கிட்டு வாழுறவங்க பக்கம் இருந்து பாத்தா இதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன்.

ஃபார்ம்ல இடது பக்கம் ஆக்டிவிட்டி, அதாவது இப்ப நடக்குற நோய். வலது பக்கம் டேமேஜ், அதாவது நோய் விட்டுட்டுப் போன மிச்சம். ரெண்டும் தனித்தனி மொத்தம், கடைசி வரைக்கும் ஒண்ணா கூட்டவே மாட்டாங்க.

ஆக்டிவிட்டியில ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு கேள்வி. எவ்வளவு செவப்பு: இல்லனா 0, லேசான ரோஸ் கலர்னா 1, நல்ல செவப்புனா 2, கருஞ்செவப்பு, ஊதா, இல்ல பொருக்கு கட்டியோ ரத்தம் கசிஞ்சோ இருந்தா 3. அடுத்து செதில்: இல்லனா 0, இருந்தா 1, மரு மாதிரி தடிச்சுப் போயிருந்தா 2. ஒரு இடத்துக்கு உச்சம் 5, 13 இடத்துக்கு 65. இது போக வாய்க்குள்ள புண் மாதிரி சளிச்சவ்வுல பாதிப்பு இருந்தா 1, கடந்த 30 நாள்ல முடி கொட்டுதுனு நீங்க சொன்னா 1, தழும்பு இல்லாம முடி மெலிஞ்சிருந்தா அளவைப் பொறுத்து 3 வரைக்கும். மொத்தம் 70.

டேமேஜ் பக்கம் நிறம் மாறியிருக்கா இல்லையா, 0 இல்ல 1. தழும்பு இருந்தா 1, ரொம்ப மெலிஞ்சு குழிஞ்ச தழும்போ தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பு கரைஞ்ச பள்ளமோ இருந்தா 2. தலைத் தழும்புக்கு மட்டும் தனிக் கணக்கு, தலையை நடுவகிடு ஒரு கோடு, ரெண்டு காது உச்சியை இணைக்கிற ஒரு கோடுனு நாலு பாகமா பிரிச்சு, ஒரு பாகம்னா 3, ரெண்டுனா 4, மூணுனா 5, முழுத் தலைனா 6. தழும்பு விழுந்த இடத்துல முடி வராதுங்கறதால அதுக்கு இவ்வளவு கனம் குடுத்திருக்காங்க. அப்புறம் உங்க கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க: படை ஆறின பிறகு அந்த நிற மாற்றம் சாதாரணமா எவ்வளவு நாள் நிக்குது? 12 மாசம் இல்ல அதுக்கு மேலனா நிறத்துக்கான மார்க்கை அப்படியே ரெண்டால பெருக்கிடுவாங்க. எல்லாம் சேர்ந்து டேமேஜ் உச்சம் 56.

ஒவ்வொரு இடத்துலயும் எந்த படை ரொம்ப மோசமா இருக்கோ அதை மட்டும் பாத்துதான் மார்க் போடணும்னு ஒரு விதி இருக்கு. கையில பத்து படை லேசான ரோஸ் கலர்ல இருந்து ஒண்ணே ஒண்ணு கருஞ்செவப்பா இருந்தாலும் கைக்கு 3 தான். ஏன் இப்படினா, எத்தனை சதவீதம் பரப்புனு கண்ணால மதிப்பிடச் சொன்னா ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க, மோசமான படை எதுன்னு கேட்டா பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் காட்டுவாங்க. 2005 ஆய்வுல வேற வேற டாக்டர்களை அதே நோயாளிகளுக்கு மார்க் போடச் சொல்லிப் பாத்தாங்க, அவங்களுக்குள்ள இருந்த ஒத்துப்போற அளவு ஆக்டிவிட்டியில 0.86, டேமேஜ்ல 0.92. 1-னா முழு ஒற்றுமைனு அர்த்தம், கண்ணால பாத்து போடுற ஸ்கோருக்கு இது நல்ல அளவு.

இப்ப ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம், கற்பனையான ஆள்தான். 34 வயசு, டிஸ்காய்டு வகை, ரெண்டு மூணு வருஷமா இருக்கு. முதல் தடவை வர்றப்போ தலையில செவப்பு 2 செதில் 1, காதுல 2-ம் 1-ம், மூக்கு கன்னத்துல 2-ம் 1-ம், கையில 2-ம் 1-ம். மிச்ச முகத்துல லேசா 1, கழுத்து முன்பக்கம் லேசா 1. வாயில ஒரு புண், 1. முடி கொட்டுது, 1. கூட்டுனா ஆக்டிவிட்டி 16. டேமேஜ் பக்கம் தலை, காது, மூக்கு கன்னம், கைனு 4 இடத்துல நிறம் மாறியிருக்கு, ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே நிக்குதுனு சொல்றாங்க, அப்ப 8. காதுல தழும்பு 1, தலையில ஒரு பாகத்துல தழும்பு 3. டேமேஜ் 12.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, மேல தடவ க்ரீம், தினமும் சன்ஸ்கிரீன்னு ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகுது. திரும்ப மார்க் போட்டா தலை 1, காது 1, மூக்கு கன்னம் 1, கை 1, மத்ததெல்லாம் 0. ஆக்டிவிட்டி 16-ல இருந்து 4. ஆனா கழுத்து முன்பக்கம் இருந்த லேசான செவப்பு ஆறி அங்க ஒரு கருத்த திட்டு விட்டுட்டுப் போயிருக்கு, நிறம் மாறின இடம் இப்ப 5, ரெண்டால பெருக்குனா 10, தழும்பு அதே 4, டேமேஜ் 12-ல இருந்து 14 ஆயிடுச்சு. கண்ணாடியில பாக்குறப்போ அவங்களுக்கு என்ன தெரியும்? காதுல தழும்பு அப்படியே இருக்கு, கன்னத்துல கருப்பு அப்படியே இருக்கு, கழுத்துல புதுசா ஒண்ணு வந்திருக்கு. "ஆறு மாசமா மாத்திரை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல"னு சொல்லி நிறுத்திடுவாங்க. உண்மையில மருந்து முக்கால்வாசி நோயை அடக்கியிருக்கு, இப்ப நிறுத்துனா மறுபடியும் கிளம்பி புதுத் தழும்பு போட்டுட்டுப் போகும். இந்த ரெண்டு நம்பரை யாராவது எதிர்ல உக்கார வச்சு காட்டியிருந்தா அவங்க நிறுத்தியிருக்கவே மாட்டாங்கங்கறதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம், நான் இதை எழுதறதுக்கு காரணமும் அதுதான்.

16 அதிகமா கம்மியா? 2011-ல அதே பென்சில்வேனியா குழு ஒரு எல்லை வகுத்துச்சு. ஆக்டிவிட்டி 0-ல இருந்து 9 வரைக்கும் லேசானது, 10-ல இருந்து 20 நடுத்தரம், 21-ல இருந்து 70 கடுமை. 70-க்கு 21 வந்தாலே கடுமையானு ஆச்சரியமா இருக்கும், ஆனா 13 இடத்துலயும் உச்ச மார்க் வாங்குற ஆள் நடைமுறையில கிடையாது, அதனால இந்த 70-ஐ பரீட்சை மார்க் மாதிரி சதவீதமா மாத்திப் பாக்காதீங்க. அதே ஆய்வுல 4 பாயிண்ட் இல்ல 20 சதவீதம் குறைஞ்சாலே நோயாளிக்கு தேறியிருக்குனு எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. மருந்து சோதனையில இதை விட கண்டிப்பா இருப்பாங்க, பாதியாவது குறையணும்பாங்க.

அனிஃப்ரோலுமாப்னு ஒரு ஊசி மருந்து இருக்கு, உடம்பு முழுக்க வர்ற லூபஸுக்காக 2021-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. அதோட ட்யூலிப் 2-ங்கற சோதனையில தோல் ஆக்டிவிட்டி 10 இல்ல அதுக்கு மேல இருந்தவங்களை மட்டும் தனியா எடுத்து 12 வாரத்துல பாத்தாங்க, மருந்து போட்டவங்கள்ல 49 சதவீதம் பேருக்கு ஸ்கோர் பாதியோ அதுக்கு மேலயோ குறைஞ்சுது, வெறும் டம்மி ஊசி போட்டவங்கள்ல 25 சதவீதம் பேருக்கு. டம்மியிலயும் நாலுல ஒருத்தருக்கு பாதி குறைஞ்சிருக்குங்கறதைக் கவனிங்க, அவங்களும் வழக்கமான மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க, நோயும் தானா ஏறி இறங்கும், அதனாலதான் ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு வேணும். லிட்டிஃபிலிமாப்னு இன்னொரு மருந்து, 2022-ல வெளியான அதோட ரெண்டாம் கட்ட சோதனையில 16 வாரத்துல கிளாசி எத்தனை சதவீதம் மாறுதுங்கறதுதான் முதல் கேள்வியே. ஸ்லீடாய் குடுக்குற அந்த 2-ஐ மட்டும் வச்சுக்கிட்டு இப்படி எல்லாம் பாத்திருக்கவே முடியாது.

10 இல்ல அதுக்கு மேல இருந்தவங்களை மட்டும் ஏன் எடுத்தாங்கனு யோசிச்சீங்களா? 2-ல இருந்து 1-க்கு வந்தாலும் 50 சதவீதம், 30-ல இருந்து 15-க்கு வந்தாலும் 50 சதவீதம். முதல் ஆளுக்கு செவப்பு ஒரு படி குறைஞ்சாலே அது நடந்துடும். சின்ன நம்பர்ல சதவீதம் ஏமாத்தும், அதான்.

நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறத் தோல் இருக்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு குறை இதுல இருக்கு. ஃபார்ம்ல முதல் படியே "ரோஸ் கலர்". நம்ம தோல்ல ரோஸ் கலர் எங்க தெரியும்? ஆக்டிவா இருக்குற படை கூட கரும்பழுப்பாவோ ஊதா கலந்தோதான் தெரியும். அவசரமா பாத்தா அதை "வெறும் கருப்பு"னு டேமேஜ் பக்கம் தள்ளிடலாம், அப்ப ஆக்டிவிட்டி உண்மையை விடக் கம்மியா வரும், மருந்தைக் குறைச்சிடுவாங்க. பழக்கப்பட்ட டாக்டர் வெளிச்சத்துல உக்கார வச்சு பக்கத்துத் தோலோட ஒப்பிட்டுப் பாப்பாங்க, ஓரம் தடிப்பா இருக்கானு தடவிப் பாப்பாங்க, ஒரு கண்ணாடித் துண்டை வச்சு அழுத்திப் பாப்பாங்க. அழுத்துறப்போ நிறம் மங்கி விட்டதும் திரும்பி வந்தா அது ரத்த ஓட்டத்தால வந்த செவப்பு, அழுத்துனாலும் அசையாம இருந்தா அது நிறமி. டிஸ்காய்டு ஆறி நடுவுல வெளுத்துப் போறதும் நம்ம தோல்லதான் தூரத்துல இருந்தே தெரியும், வெண்குஷ்டமா தொழுநோயானு கேக்குறவங்க வேற, இது ரெண்டும் இல்ல, தொட்டா ஒட்டாது. ஆனா ஃபார்ம்ல அதுக்கு ஒரு இடத்துக்கு 1, பெருக்குனா 2, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு குறை, மோசமான படை விதியால வர்றது. முதுகுல இருபது படை இருந்து பத்தொன்பது போயிட்டு ஒண்ணு அதே செவப்போட நின்னா ஸ்கோர் மாறாது. படை வீங்கித் தடிச்சு இருக்குறதுக்கு தனி மார்க்கும் கிடையாது, அதனால ட்யூமிடஸ்னு செதிலே இல்லாம வீங்குற வகைக்கு கம்மியாதான் வரும். ஜெர்மனியில 2010-ல அன்னெகிரெட் குன் குழு வீக்கம் மாதிரி விஷயங்களைச் சேத்து திருத்தின கிளாசினு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆனாலும் பெரிய மருந்து சோதனைகள்ல பழசுதான் அதிகம் ஓடுது.

அரிப்பு, எரிச்சல், வெயில்ல போகப் பயம், கல்யாண வீட்டுக்குப் போக கூச்சம், இது எதையும் கிளாசி கேக்காது. அதுக்கு வேற கேள்வித்தாள் இருக்கு. டிஎல்க்யூஐனு 10 கேள்வி, 0-ல இருந்து 30 வரைக்கும், போன ஒரு வாரத்துல தோலால உங்க வாழ்க்கை எவ்வளவு பாதிச்சுதுனு நீங்களே நிரப்புறது, எல்லா தோல் நோய்க்கும் பொது. ஸ்கின்டெக்ஸ்னு இன்னொண்ணும் இருக்கு. கிளாசி 5 இருக்குற ஒருத்தர் வீட்டை விட்டே வெளிய வராம இருக்கலாம், அந்த 5-ம் மூக்கு மேலயே இருந்தா. அதனால டாக்டர் "லேசாதான் இருக்கு"னு சொன்னா அது தோலைப் பத்தின கணக்கு, உங்க கஷ்டத்தைப் பத்தின தீர்ப்பு இல்ல, அதைத் தனியா வாயைத் திறந்து சொல்லணும்.

நடைமுறையில கூட்டமா இருக்குற ஓபியில யாரும் உக்காந்து 13 இடத்துக்கும் மார்க் போட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க, பழகினவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைதான்னாலும் அந்த அஞ்சு நிமிஷமே கிடைக்காது. நீங்க இப்படிக் கேளுங்க: "டாக்டர், இப்ப ஆக்டிவா எங்கெங்க இருக்கு, பழைய தழும்பு எது?" ஸ்கோர் இல்லனாலும் அந்தப் பதில் ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுக் குடுத்துடும். வீட்டுல நீங்களே மார்க் போட்டு மாத்திரையைக் கூட்டறது குறைக்கறது மட்டும் வேண்டாம்.

வீட்டுல உருப்படியா பண்ணக்கூடியது போட்டோ. மாசத்துக்கு ஒரு தடவை, அதே ஜன்னல் பக்கம், அதே காலை வெளிச்சம், ஃபில்டர் இல்லாம, ப்யூட்டி மோடை ஆஃப் பண்ணிட்டு (நிறைய போன்ல அது தானாவே ஆன்ல இருக்கும், செவப்பை அழிச்சுடும்). முகம் நேரா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, காது மடலுக்குள்ள, தலையில வகிடு பிரிச்சு, கழுத்து முன்னும் பின்னும், கை. காதையும் உச்சந்தலையையும் யாராவது கூட இருந்து எடுத்துக் குடுக்கணும், நம்ம கண்ணுக்கு எட்டாத இடம் அது, டிஸ்காய்டு முதல்ல வந்து உக்கார்றதும் பல தடவை அங்கதான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் முழுசா வேலை காட்ட ரெண்டு மூணு மாசம் ஆகும், அதனால முதல் போட்டோவை மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. அந்த நிறம் 12 மாசத்துக்கு மேல நிக்குதானு டாக்டர் கேக்குறப்போ ஞாபகத்துல இருந்து சொல்லாம தேதியோட எடுத்துக் காட்டலாம்.